நீல அச்சுப் பீங்கான்: சேகரிக்கவும் அடையாளம் காணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

மரமும் பாலமும் மாளிகையும் நீலத்தில் அச்சான ஒரு பழைய ஆங்கிலத் தட்டு கைக்கு வந்தால், பெரும்பாலோர் உடனே அதைத் திருப்பி அடியில் முத்திரை தேடுவார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. முதலில் அச்சைப் பாருங்கள், பிறகு மெருகை, அதாவது மேலே உள்ள கண்ணாடிப் பூச்சை, பிறகு அடிப்பகுதியை. முத்திரை கடைசி. 1780களிலிருந்து 1820 வரை செய்த நல்ல பாண்டங்களில் ஏராளமானவற்றுக்கு முத்திரையே கிடையாது. பிற்காலத்தில் பெரிய பெயர்களை ஒட்டிப் பொய்யான முத்திரை போட்டவர்களும் உண்டு. அச்சையும் மெருகையும் அப்படிப் போலி செய்வது கடினம்.

படி 1: செய்முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் 1756 ஜூலை 27 அன்று ஆறு மணி நேரத்துக்குள் 1200க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தார்கள். கையால் தீட்டும் தொழிலாளர் அந்த நேரத்தில் நினைத்தும் பார்க்க முடியாத எண்ணிக்கை அது. ஆனால் அந்த அச்சு மெருகின் மேலே இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் அப்படி அச்சிட்டால் கத்தி பட்டுப் பட்டுப் படம் தேய்ந்துவிடும்.

படத்தை மெருகுக்கு அடியில் கொண்டுபோனால் அந்தக் கவலை இல்லை. வூஸ்டர், காஃப்லி தொழிற்கூடங்கள் போர்சிலைனில் இதை முன்பே செய்துவந்தன. விலை குறைந்த வெண்களிமண் பாண்டத்தில் அதைச் சீராகச் செய்து காட்டியவர் என்று பெயர் பெற்றவர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஸ்டோக் நகரின் முதலாம் ஜோசையா ஸ்போட். ஏறக்குறைய 1784இல், காஃப்லியிலிருந்து வந்த செதுக்குக் கலைஞர் தாமஸ் லூகாஸ், அச்சாளர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் கைத்திறன் அவருக்குத் துணை நின்றது. காலமும் கூடிவந்தது. அதே 1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. தேநீர் சாதாரண வீடுகளுக்குள்ளும் வந்தது. கோப்பையும் தட்டும் வேண்டியிருந்தன. 1791இல் கிழக்கிந்தியக் கம்பெனி சீனப் பீங்கானை மொத்தமாக இறக்குமதி செய்வதை நிறுத்தியது. சீன நீலத்துக்குப் பழகிய கண்களுக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் நீலம் கிடைத்தது.

வேலை நடந்த விதம் இது. செதுக்குபவர் செப்புத் தகட்டில் படத்தைக் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வெட்டுவார். அச்சாளர் தகட்டைச் சூடாக்கி, கோபால்ட் ஆக்சைடை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார். மேற்பரப்பைத் துடைத்தபின் பள்ளங்களில் மட்டும் நிறம் நிற்கும். சோப்பு நீரில் நனைத்த மெல்லிய டிஷ்யூ தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தால் படம் தாளுக்கு வந்துவிடும். தாளைக் கத்தரிப்பது ஒரு சிறுமியின் வேலை. ஒரு முறை சுட்டு, இன்னும் மெருகு பூசாத தட்டின்மேல் அதைப் பொருத்தி, கெட்டியான பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பவர் ஒரு பெண். பிறகு தாளைத் தண்ணீரில் கழுவி எடுப்பார்கள். எண்ணெய் கலந்த நிறம் களிமண்ணில் ஊறித் தங்கிவிடும். மிதமான சூட்டில் எண்ணெயை எரித்து, மெருகில் முக்கி, மறுபடியும் சூளையில் வைப்பார்கள். அந்தச் சூட்டைத் தாங்கித் தெளிவாக நின்ற நிறம் தொடக்கத்தில் கோபால்ட் நீலம்தான். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் நீலமாக இருப்பதற்குக் காரணம் வேதியியல்.

தாள் கத்தரித்த சிறுமிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1841இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் தொழிற்கூடங்களில் குழந்தை உழைப்பை விசாரித்த அரசு அதிகாரி சாமுவேல் ஸ்க்ரிவன் அவர்களிடமே வாக்குமூலம் வாங்கினார். தட்டின் ஓரத்தில் தாள் மடிந்த கோடோ, விரல் பட்டுக் கலைந்த நீலமோ தெரிந்தால் அதைக் குறை என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் கை பட்டதற்கு நமக்கு எஞ்சியிருக்கும் தடயம் அதுதான்.

படி 2: லென்ஸ் வைத்து அச்சைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். முதல் கேள்வி, இது தீட்டியதா, அச்சிட்டதா? தூரிகைக் கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் மெலியும். நிறம் குளம் கட்டும். அச்சில் நிழல் என்பது நெருக்கமான கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆனது.

இரண்டாவது கேள்வி, கோடா புள்ளியா? 1800க்கு முந்தைய தகடுகளில் பெரும்பாலும் கோடுகள் மட்டுமே. படம் சற்று இறுக்கமாக, ஒரே அடர்த்தியில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புள்ளிச் செதுக்கு பரவியபோது மேகமும் தண்ணீரும் இலைக்கூட்டமும் மென்மையாக வரத் தொடங்கின. ஒரே தட்டில் நாலைந்து வகை நீலம் தெரிந்தால் அது அனேகமாக 1805க்குப் பிந்தையது.

மூன்றாவது, விளிம்பு அலங்காரத்தில் இணைப்பைத் தேடுங்கள். விளிம்புக்கான தாள் நீளப் பட்டையாக வரும். அதை வட்டத் தட்டில் சுற்றி ஒட்டும்போது எங்கோ ஓரிடத்தில் முனைகள் சந்திக்கவேண்டும். அவசரமாகத் தைத்த புடவைக் கரைபோல் அங்கே பாதிப் பூவும் பாதி இலையும் மோதிக்கொண்டு நிற்கும். இந்த இணைப்பு தெரிந்தால் மனம் நிம்மதி அடையலாம். இணைப்பே இல்லாமல், ஒரே அளவுப் புள்ளிகள் வரிசையாக நின்றால், அது 20ஆம் நூற்றாண்டின் லித்தோ ஸ்டிக்கராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பர்ஸ்லம் பகுதியில் உள்ள மிடில்போர்ட் தொழிற்கூடத்தில் பர்லீ நிறுவனம் இன்றும் டிஷ்யூ தாளில் அச்செடுத்து ஒட்டுகிறது. ஆகவே இணைப்பு செய்முறையைத்தான் காட்டும். வயதைத் தனியாக நிரூபிக்காது.

படி 3: மெருகையும் அடிப்பகுதியையும் படியுங்கள்

தட்டைத் திருப்பி, அடி வளையம் உடலோடு சேரும் மூலையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மெருகு தேங்கிய அந்த இடத்தில் மெல்லிய நீலச் சாயல் தெரிந்தால் அது பேர்ல்வேர். மஞ்சளாகத் தெரிந்தால் க்ரீம்வேர். ஜோசையா வெட்ஜ்வுட் 1779இல் தம் 'பேர்ல் ஒயிட்' பாண்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மெருகில் ஒரு துளி கோபால்ட் கலந்ததால் களிமண்ணின் மஞ்சள் அடங்கி வெண்மை தூக்கலாகத் தெரிந்தது. நீல அச்சு பெரும்பாலும் இந்த உடலின்மேல்தான் வளர்ந்தது. 1830களுக்குப் பின் சாயல் குறைந்து வெண்மையாகிறது.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் விரலை அசைத்துப் பாருங்கள். நிழல் தெரிந்தால் போர்சிலைன் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. தெரியாவிட்டால் களிமண் பாண்டம். ஆங்கில அச்சுத் தட்டுகளில் பெரும்பங்கு இரண்டாவது வகை.

சூளையில் தட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிறு களிமண் முட்டுகளை இடையில் வைப்பார்கள். அவை விட்ட மூன்று புள்ளித் தழும்புகள் அடியிலோ விளிம்பின் கீழோ இருக்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். பெரிய ஓவல் இறைச்சித் தட்டுகளில் பழையவை அடி வளையம் இல்லாமல் தட்டையாக இருக்கும். எடையும் ஒரு சான்று. 1800ஐ ஒட்டிய தட்டு கையில் எடுத்தால் வியப்பாக லேசாக இருக்கும். இதை எழுத்தில் கற்றுத்தர முடியாது. நாற்பது, ஐம்பது தட்டுகளைத் தூக்கிப் பார்த்தபின் கை தானே சொல்லும்.

படி 4: படம் காலத்தைச் சொல்லும்

முதல் அலை சீனக் காட்சிகள். சீனப் பீங்கானைப் பார்த்துச் செதுக்கி, பிறகு சொந்தக் கற்பனையில் கலந்தார்கள். வில்லோ என்ற புகழ்பெற்ற வடிவம் 1790ஐ ஒட்டி ஸ்போட் தொழிற்கூடத்தில் உருவானது: வில்லோ மரம், பாலத்தில் மூன்று மனிதர், படகு, மேலே இரண்டு பறவைகள், முன்னால் வேலி. ஓடிப்போன காதலர் பறவைகளாக மாறிய கதையைச் சீனப் பழங்கதை என்று பலர் நம்புகிறார்கள். அது வடிவம் வந்த பிறகு இங்கிலாந்தில் கட்டிய கதை. எண்ணற்ற தொழிற்கூடங்கள் வில்லோவை அச்சிட்டதால் அதை மட்டும் வைத்து உற்பத்தியாளரைச் சொல்ல முடியாது.

ஏறக்குறைய 1810 முதல் 1840 வரையான காலம்தான் இந்தக் கலையின் உச்சம் என்பது என் கருத்து. பயண நூல்களின் செதுக்குப் படங்களைப் பார்த்துத் தட்டில் ஏற்றினார்கள். ஸ்போட் 1816இல் வெளியிட்ட 'புளூ இட்டாலியன்' இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. அதற்குச் சற்று முன் வந்த 'இந்தியன் ஸ்போர்ட்டிங்' வரிசை, தாமஸ் வில்லியம்சன் எழுதி சாமுவேல் ஹோவிட் படம் அமைத்த 'ஓரியண்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்' நூலிலிருந்து எடுத்தது. இதில் ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் வேறு வேறு காட்சி. பெரிய சாப்பாட்டுத் தட்டில் வருவது கரடி வேட்டை. வங்காளத்து வேட்டையைப் பார்த்தபடி இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறது. பேரரசு அன்றாட வாழ்வுக்குள் எப்படி நுழைந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியாது.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் 'ஓரியண்டல் சீனரி' இன்னொரு பெரிய ஊற்று. இவர்கள் 1792இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளியை வரைந்தவர்கள். லிவர்பூலின் ஹெர்குலேனியம் தொழிற்கூடம் அவர்கள் படங்களை வைத்துச் செய்த இந்தியக் காட்சி வரிசையில் மதுரைக் கோட்டைக் காட்சியும் உண்டு. தமிழ் வாசகர் ஒருவர் தேடிப் பிடிக்க விரும்பக்கூடிய பாண்டம் அது. வில்லோவைப்போல் எளிதில் கிடைக்காது.

1818 முதல் 1830கள் வரை அமெரிக்கச் சந்தைக்கென்று அடர்ந்த, கிட்டத்தட்டக் கருநீலத் தட்டுகளை ஈனாக் வுட், க்ளூஸ் சகோதரர்கள் போன்றோர் அனுப்பினார்கள். நியூயார்க், பாஸ்டன் காட்சிகள் அதிகம். 1824இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அமெரிக்காவில் வந்திறங்கிய காட்சி அவற்றில் புகழ்பெற்றது. 1828ஐ ஒட்டி இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா, பழுப்பு ஆகியவையும் மெருகுக்கு அடியில் சாத்தியமாயின. சூளையில் வேண்டுமென்றே நிறத்தைக் கசியவிட்ட 'ஃப்ளோ புளூ' அடுத்து வந்தது. 1842இன் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பின் நூல் படங்களை நகலெடுப்பது ஆபத்தானது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஏரி, மலை, கோபுரம் சேர்ந்த கற்பனைக் காட்சிகள் பெருகின. விக்டோரியா காலத்தில் பரவலாக விற்றது வெளிர்நீல 'ஏசியாட்டிக் ஃபெசன்ட்ஸ்'.

படி 5: இப்போது முத்திரை

முத்திரையில் இரண்டு வகை. களிமண்ணில் அழுத்தியது, நீலத்தில் அச்சிட்டது. ஸ்போட், டேவன்போர்ட், வெட்ஜ்வுட் பெயர்கள் அழுத்திய வடிவில் அடிக்கடி வரும். அலங்காரச் சட்டத்துக்குள் அச்சான பெயர் பெரும்பாலும் வடிவத்தின் பெயர். உற்பத்தியாளர் பெயர் அதற்குக் கீழே சிறிய முதலெழுத்துகளில் இருக்கலாம். 'ஏசியாட்டிக் ஃபெசன்ட்ஸ்' என்பதை நிறுவனம் என்று நினைத்துத் தேடுவது புதியவர்கள் பலர் செய்வது. 'ஸ்டோன் சைனா', 'செமி சைனா' போன்றவை களிமண் வகையின் வணிகப் பெயர்கள்.

வைரக் கட்ட வடிவ முத்திரை இருந்தால் நற்பேறு. 1842 முதல் 1883 வரை வடிவத்தைப் பதிவு செய்தவர்கள் அதை இட்டார்கள். உச்சியில் ரோமன் எண் நான்கு இருந்தால் பீங்கான் வகுப்பு. 1842-67இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல் மூலையில். 1868-83இல் வலது மூலையில். அது பதிவான நாளைத்தான் சொல்லும். அந்தத் தட்டு பல ஆண்டு கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் அதற்குப் பதில் பதிவு எண் வந்தது.

அரச சின்னம் இருந்தால் நடுவே சின்னக் கேடயம் ஒன்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1837க்கு முந்தைய சின்னம். விக்டோரியா அரியணை ஏறியதும் அது நீங்கியது. 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பொதுவாக 1891க்குப் பிந்தையது, ஏனென்றால் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. 'மேட் இன் இங்கிலாந்து' 20ஆம் நூற்றாண்டு. 'லிமிடெட்' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ 1860க்கு முன் வராது.

வெட்ஜ்வுட் பெயரில் நின்று நிதானியுங்கள். ஆங்கிலத்தில் நடுவே கூடுதலாக ஓர் 'ஈ' எழுத்து இருந்தால் அது ஸ்டாக்டனில் வில்லியம் ஸ்மித் செய்தது. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்பதும் வேறு நிறுவனங்களுடையது.

தமிழ்க் குடும்பங்களில் இருக்கும் பழைய நீலத் தட்டு எல்லாம் ஆங்கிலத் தயாரிப்பு என்று எண்ணவேண்டாம். கிளாஸ்கோவின் ஜே. அண்ட் எம். பி. பெல் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கென்றே அச்சுப் பாண்டம் செய்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துப் பெட்ரஸ் ரெகூ நிறுவனமும் ஆசியாவுக்கு ஏராளமாக அனுப்பியது. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த குடும்பத்தின் அலமாரி என்றால் இந்தப் பெயர்களையும் தேடுங்கள்.

முத்திரைகளுக்கு ஜெஃப்ரி காடன் தொகுத்த கலைக்களஞ்சியமும், வடிவங்களுக்கு காய்ஷ், ஹென்றிவுட் இருவரின் அகராதியும் இன்றும் முதலில் புரட்ட வேண்டிய நூல்கள்.

படி 6: பழுதும் போலியும்

விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். முழுமையான தட்டு தெளிவாக ஒலிக்கும்; விரிசல் இருந்தால் ஒலி மங்கும். மெருகில் மட்டும் பரவிய மயிரிழை வலை வயதின் அடையாளம், பெரிய குறையில்லை. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் பூசி மறைத்த பழுது இருட்டில் வேறு நிறத்தில் ஒளிரும். பின்புறம் உலோகக் கம்பி ஊசிகள் வரிசையாகத் தைத்திருந்தால் பதறவேண்டாம். வலுவான பிசின் இல்லாத காலத்தில் உடைந்ததைத் துளையிட்டுக் கம்பியால் பிணைத்தார்கள். ஒருவர் அந்தத் தட்டைத் தூக்கி எறிய மனமில்லாமல் காசு கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். எனக்கு அப்படிப்பட்ட தட்டுகள்மேல் தனி மதிப்பு.

தேநீர்க் குடுவையோ சூப் பாத்திரமோ வாங்கினால் மூடி அதனுடையதுதானா என்று பாருங்கள். நீலத்தின் அடர்த்தி, விளிம்பு அலங்காரம், பொருந்தும் விதம் மூன்றும் ஒத்துவரவேண்டும்.

'விக்டோரியா வேர் அயன்ஸ்டோன்' என்று சிங்கச் சின்னத்தோடு வரும் ஃப்ளோ புளூ பாண்டங்கள் நவீனப் போலிகள். அவை கனமாக, மெருகு தடித்து, அடியில் தேய்மானமே இல்லாமல் இருக்கும். உண்மையான தட்டில் அடி வளையம் மேசையில் உராய்ந்து மழுங்கியிருக்கும். நடுவில் கத்திக் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும்.

படி 7: எதை வாங்குவது, எங்கே

முதல் தட்டாக உடைசல் உள்ள பழைய ஒன்றை வாங்குங்கள். 1800-1820 காலத்துப் பேர்ல்வேர் தட்டு, விளிம்பு சற்று உதிர்ந்திருந்தால் விலை வெகுவாக இறங்கும். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. உடைந்த ஓரத்தில் களிமண்ணின் நிறமும் மெருகின் தடிமனும் வெளிப்படையாகத் தெரியும்.

பிறகு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழிற்கூடம், ஒரு நூலிலிருந்து வந்த காட்சிகள், அல்லது ஒரு வகைப் பாத்திரம். மீன் தட்டுக்குள் நீர் வடிய வைக்கும் துளைத் தட்டுகள், இலை வடிவ ஊறுகாய்த் தட்டுகள், குழந்தைகளின் பொம்மைச் சாப்பாட்டுத் தொகுப்புகள், கண் கழுவும் சிறு கிண்ணங்கள் என்று இதில் தேர்வுக்குப் பஞ்சமில்லை. வரம்பில்லாமல் வாங்குபவரின் அலமாரி விரைவில் நிரம்பும், அறிவு வளராது.

வாங்குவதற்கு முன் பார்ப்பது முக்கியம். ஸ்டோக் ஆன் டிரென்ட்டின் ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகம், லாங்டனில் பழைய சூளைகளோடு நிற்கும் கிளாட்ஸ்டன் அருங்காட்சியகம், லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மூன்றும் நல்ல பள்ளிகள். சந்தையில் நியூவார்க் பழம்பொருள் கண்காட்சி பெரியது. சிற்றூர் ஏலங்களில் பெட்டியோடு விற்கும் 'கலந்த நீல வெள்ளை' தொகுதிகளைப் பொறுமையாகக் கிளறினால் நல்லது அகப்படும். அஞ்சலில் வரவழைத்தால் பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லி எழுதுங்கள்.

படி 8: பராமரிப்பும் பதிவும்

வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும். தொட்டியின் அடியில் துண்டு விரித்துக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடாது. கறை போக பிளீச் ஊற்றுவது மிகக் கெட்ட வேலை. அது விரிசல் வழியே களிமண்ணுக்குள் இறங்கி, காய்ந்து உப்பாகி, மெருகைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பழைய மெருகில் ஈயம் உண்டு என்பதால் புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ இவற்றில் வைக்கவேண்டாம். அடுக்கும்போது இடையில் துணியோ தாளோ வையுங்கள். சுவரில் மாட்ட இறுக்கமான ஸ்பிரிங் கம்பியைத் தவிருங்கள். விளிம்பில் அது நாளெல்லாம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பாண்டத்துக்கும் ஒரு தாள் எழுதிவையுங்கள்: எங்கே, எப்போது, என்ன விலை, அளவு, பழுது, முட்டுத் தழும்புகள் எந்தப் பக்கம், முத்திரையின் படம். வடிவத்தின் பெயர் தெரியாவிட்டால் விளிம்பு அலங்காரத்தைத் தனியாகப் படம் எடுங்கள். நடுக்காட்சியைப் பலரும் நகலெடுத்தார்கள். விளிம்போ பல சமயம் ஒரு தொழிற்கூடத்துக்கே உரியது. ஈனாக் வுட்டின் கிளிஞ்சல் விளிம்பு அப்படிப்பட்டது. பிரிட்டனில் 1973 முதல் இயங்கும் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் புளூ' சங்கத்தினரிடம் காட்டும்போதும் அந்த விளிம்புப் படத்தையே முதலில் அனுப்புங்கள்.